நாற்காலி ரவுண்டு

புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு எங்கள் ஊரில் ஆலைச் சங்கு ஊதும். அது சோதனைச் சங்கு. யாரும் தலையைத் தூக்க மாட்டோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாப்பாட்டு மணி என்று தட்டை எடுக்கும், பக்கத்து வீட்டு வெர்னா அடுப்பில் இருக்கும் சோற்றை இறக்குவாள். வேறு கிழமையில் ஊதினால்தான் விஷயம். ஜன்னலை எல்லாம் அடைத்து, ஏசியை நிறுத்தி, துண்டை நனைத்துக் கதவிடுக்கில் திணித்து, ரேடியோவைப் போட்டுவிட்டு உட்கார வேண்டும். மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஐம்பது மைலுக்கு ஆலைக்கு அடுத்து ஆலை, ஆலைக்கு நடுவே கரும்பு, கரும்புக்கு நடுவே நாங்கள். இதற்கெல்லாம் இப்போது யாரும் பயப்படுவதில்லை. எரிச்சல்தான் வரும்.

தொண்ணூற்றாறாம் வருஷம் தவக்காலத்தில் சங்கு ஒரு செவ்வாய்க்கிழமை ஊதியது. காற்று ஆற்றின் எதிர்க்கரைக்கு அடித்ததால் எங்கள் பக்கம் ஒரு கோழிகூடச் சாகவில்லை. ஆனால் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த எங்கள் ரெனெலின் படிப்பு அன்றைக்குத்தான் போனது. அன்று அது எங்களுக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டிருந்தோம்.

ரெனெல், பக்கத்து வீட்டு யூலிஸ் போஷேக்கும் வெர்னாவுக்கும் ஒரே மகள். நான் அவளுக்கு ஞானத்தாய். ஞானஸ்நானத்தன்று என் கையில் இருந்தபடியே பாதிரியாரின் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தவள். யூலிஸும் நானும் ஒரே வருஷம் ஆலையில் சேர்ந்தோம். அவன் உள்ளே ஆபரேட்டர், நான் வாசல் பக்கத்து ஆபீஸில் குமாஸ்தா. தொண்ணூற்றுநாலில் ஓய்வு பெறும்வரை இருபத்தாறு வருஷம் நான் பார்த்த வேலையைச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் இந்தக் கதை இல்லை.

ஆபரேட்டர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தன் யூனிட்டைச் சுற்றி வர வேண்டும். முப்பத்தெட்டு கேஜ், அளவு காட்டும் முள் கருவிகள். அழுத்தம், சூடு, தண்ணீர், எண்ணெய். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத் தாளில் அதற்கான கட்டத்தில் எழுத வேண்டும். மறுநாள் காலை அந்தத் தாள்கள் என் மேசைக்கு வரும். ஏதாவது கட்டம் காலியாக இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவது என் வேலை. எழுதியிருப்பது சரியா என்று பார்ப்பது என் வேலை இல்லை. அது யாருடைய வேலை என்று நானும் கேட்டதில்லை.

ஆகஸ்டு மாதத்து வெயிலில் இரும்புப் படியைத் தொட்டால் கை பொத்துப்போகும். மழை வந்தால் நாள் கணக்கில் கொட்டும். முட்டி தேய்ந்த ஆம்பிளைகள். முக்கியமான கேஜுகளைப் போய்ப் பார்ப்பார்கள், அதில் குறை சொல்ல முடியாது. மற்றதெல்லாம், போன தடவை என்ன இருந்தது என்று பார்த்து, ஒன்று கூட்டி ஒன்று குறைத்து, கன்ட்ரோல் ரூமில் காபியோடு உட்கார்ந்தபடி நிரப்பிவிடுவார்கள். இதற்கு எங்கள் ஊரில் பேரே உண்டு. நாற்காலி ரவுண்டு. கல்யாண வீட்டில் ஒருத்தன் சாப்பிட்டானா என்று கேட்டால், "ஆச்சு, நாற்காலி ரவுண்டு" என்பான், சாப்பிடாமலே. எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் பிடிபட்டால் அன்றைக்கே வேலை போய்விடும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

வீணாய்ப்போன அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் ரெனெல் படம் வரைந்து, கணக்குப் போட்டு வளர்ந்தாள். எட்டாவது படிக்கும்போது ஒருநாள் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்தத் தண்ணி ஏன் எப்பவும் ஒரே மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். "நல்ல தண்ணிடி அது, சொன்ன பேச்சு கேக்கும்" என்றான் யூலிஸ். எங்கள் தெருவில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பெண். முந்தின கோடையில் எங்கள் ஆலையிலேயே பயிற்சிக்கு வந்தாள். ஆபரேட்டர்களுக்குப் பச்சைத் தொப்பி, இன்ஜினியர்களுக்கு வெள்ளைத் தொப்பி. வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு அப்பாவின் யூனிட்டுக்குள் நுழைந்தபோது யூலிஸ் எழுந்து நின்று, "சொல்லுங்க மேடம்" என்றானாம். அதைச் சொல்லிச் சொல்லி அந்த வருஷம் முழுக்க எங்கள் காதைத் தேய்த்தான். ஜூனில் டிகிரி, ஜூலையில் ஆலையில் வேலை என்று கடிதமே வந்திருந்தது. வெர்னா அதை ஃபிரிஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள்.

வெர்னாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அது யூலிஸின் ஆலை இன்ஷூரன்ஸில் நடந்தது. அவனுக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் பாக்கி.

அந்தச் செவ்வாய்க்கிழமை யூலிஸுக்கு விடுமுறை. வெர்னா விடியற்காலையே மெஷினுக்குப் போய்த் திரும்பியிருந்தாள். என் வீட்டு ஜன்னல் ஒன்று சரியாக மூடாது என்பதால் சங்கு ஊதினால் நான் அவர்கள் வீட்டுக்கு ஓடிவிடுவேன். கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டு மூன்று பேரும் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தோம். ஒரு மணிக்கு ஃபோன் அடித்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கே அவள் குரல் கேட்டது.

"அப்பா! இருக்கீங்களா? அம்மா எங்க?"

"இருக்கோம்டி, எல்லாரும் இருக்கோம். உன் ஞானம்மாகூட இங்கதான் குந்தியிருக்கா, என் காபிய காலி பண்ணிட்டு."

"ஒரு மணி நேரமா அடிக்கிறேன்பா, லைனே கிடைக்கல. ரேடியோல உங்க யூனிட் பேரைச் சொன்னாங்க."

"ஒரு வால்வு. அடைச்சாச்சு. காத்து அந்தக் கரைக்குப் போவுது. நீ எதுக்கு அழுவுற? வகுப்புல இல்லியா நீ?"

"லேப்ல இருந்தேன். காய்ச்சி வடிக்கிற பெரிய கோபுரம், ஆறு மணி நேர ஓட்டம். கால் மணிக்கு ஒருதரம் ரீடிங் எடுக்கணும். கூட இருக்கிற ரெண்டு பேரும் சாப்பிடப் போயிட்டாங்க, என் முறை. நான் பாட்டுக்கு கீழ ஃபோனுக்கு ஓடியாந்துட்டேன். நாலு ரீடிங் போச்சுப்பா."

"என்ன ரீடிங்?"

"குளிர்தண்ணி. ஆவிய ஆறவைக்கப் போற தண்ணி. மத்ததெல்லாம் மெஷினே பதிஞ்சுக்கும். இது ஒண்ணுதான் கையால எழுதணும்."

யூலிஸ் சிரித்தான். மகள் அழுவது நிற்கட்டும் என்றுதான் சிரித்தான், அது எனக்குத் தெரியும். "அட, தண்ணி எங்கடி ஓடிப்போவுது? முன்னாடி என்ன இருந்துச்சு, இப்ப போய்ப் பாரு என்ன இருக்குதுன்னு, நடுவுல நாலு போட்டு நிரப்பு. கட்டம் காலியா இருக்கக் கூடாது, அவ்ளோதான். இருந்தா உன் ஞானம்மா திருப்பி அனுப்பிடுவா."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "சிவப்பு மை பேனா இன்னும் வச்சிருக்கேன்டி!" என்று இங்கிருந்தே கத்தினேன். அந்தப் பக்கம் அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, வகுப்பு இருக்க வேண்டிய நாளில், அவள் கார் வாசலில் வந்து நின்றது. வெர்னாவுக்கு மெஷின் இல்லாத நாள். நான் அங்கேதான் உப்பில்லாத பீன்ஸைக் கிண்டிக்கொண்டிருந்தேன். யூலிஸ் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். ரெனெல் பையைக்கூட இறக்கவில்லை, நின்றபடியே இருந்தாள்.

"என்னடி, சொல்லாம கொள்ளாம? சாப்பிட்டியா?" என்றாள் வெர்னா.

"ஆச்சும்மா." அவள் சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "அப்பா, அந்த நாலு ரீடிங் இருக்குல்ல."

"எந்த நாலு?"

"சங்கு ஊதின அன்னைக்கு. மூணு புள்ளி ஒண்ணு, மூணு, மூணு புள்ளி ஒண்ணு, மூணு. இப்படி எழுதினேன். நிமிஷத்துக்கு மூணு காலன். முன்னாடியும் மூணு, பின்னாடியும் மூணு."

"நல்லாத்தானே போட்டிருக்க," என்றான் யூலிஸ்.

"தண்ணியே வரலப்பா."

அந்த நேரம் பார்த்து சங்கு ஊதியது. புதன்கிழமைச் சங்கு. ஊதி முடியும்வரை யாரும் பேச முடியாது, அப்படி ஒரு சத்தம். வெர்னா பழக்கத்தில் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். சங்கு ஓய்ந்தது.

"தெருவுல குழாய் ரிப்பேர்னு அன்னைக்கு அந்தக் கட்டடத்துக்கே தண்ணிய நிறுத்தியிருக்காங்க. இருபத்தஞ்சு நிமிஷம். பன்னெண்டு பத்துல இருந்து. நான் கீழ ஃபோன்கிட்ட நிக்கிறேன், மேல தண்ணி நின்னுபோயிருக்கு. நான் தண்ணி ஓடுச்சுன்னு எழுதியிருக்கேன்."

யூலிஸுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குளிர்தண்ணி நின்றால் என்ன ஆகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். தைல டப்பாவை மூடி கீழே வைத்தான். "கோபுரம்?"

"சூடு ஏறினதும் தானா நீராவிய நிறுத்திக்கிச்சு. அதுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இருக்கு. லேப் ஆள் வந்து பார்த்துட்டு, தண்ணி வந்தப்புறம் அவரே மறுபடி ஓட்டிவிட்டு, அவர் நோட்டுல எழுதி வச்சிருக்கார். நான் மேல வந்து பார்த்தப்ப எல்லாம் ஒழுங்கா ஓடிட்டு இருந்துச்சு. எங்கிட்ட அவர் ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல."

"அப்ப மெஷின் பதிஞ்சதுல தெரிஞ்சிருக்குமே," என்றான் யூலிஸ்.

"தெரிஞ்சுது. சூடு ஏறினதைப் பார்த்தோம். ஏதோ கோளாறுன்னு நினைச்சு நான் அதுக்கு ஒரு பக்கம் காரணம் எழுதினேன்பா. தண்ணி ஒழுங்கா ஓடியும் ஏன் சூடு ஏறுச்சுன்னு. படம் எல்லாம் போட்டு." அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. "எங்க புரொஃபசர் பெட்டிக்ரூ சார் அந்தப் பக்கத்தைத்தான் முதல்ல எடுத்து என் முன்னாடி வச்சார். நல்லா எழுதியிருக்கம்மான்னார். அப்புறம் லேப் நோட்டை எடுத்துப் பக்கத்துல வச்சார்."

"திட்டினாரா?" வெர்னா கேட்டாள்.

"திட்டியிருந்தா பரவால்ல. ஏம்மா காலியா விடலைன்னு கேட்டார். 'ஃபோன் பண்ணப் போயிட்டேன், நாலு ரீடிங் எடுக்கலைன்னு எழுதியிருந்தா ரெண்டு மார்க் குறைச்சிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும்'னார். இப்ப அவர் கையில இல்லையாம். கமிட்டிக்குப் போகுது. அடுத்த வியாழக்கிழமை."

"மத்த ரெண்டு பேரு?"

"நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டேன். அவங்கள விட்டுட்டாங்க."

"கமிட்டி என்னடி பண்ணும்?" என்றேன் நான்.

"ஒரு வருஷம் வெளிய அனுப்பலாம். சர்டிபிகேட்ல குறிப்பு போடலாம். ரெண்டும் பண்ணலாம்."

"சின்னப் பொண்ணு, அப்பனுக்கு என்ன ஆச்சோன்னு பதறிப் போய் ஓடினா. அது மனுஷனுக்குப் புரியாதா?" என்றாள் வெர்னா. "நான் வந்து கேக்குறேன். இந்தக் கையைக் காட்டிக் கேக்குறேன்."

அவள் கை மெஷின் ஊசி போட்டுப் போட்டுக் கயிறு புடைத்ததைப்போல் இருக்கும். ரெனெல் அந்தக் கையைப் பிடித்து மேசைமேல் வைத்தாள். "ஓடினதுக்கு யாரும் கோவிச்சுக்கலம்மா. எழுதினதுக்குத்தான்."

யூலிஸ் எழுந்து பின்பக்கம் போனான். எலுமிச்சை மரத்தடியில் வேலை எதுவும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நான்தானே சொன்னேன், ஏர்லீன்," என்றான்.

"நானும்தான் சிரிச்சேன்."

"நீ சிரிச்சதுக்கு எவன் என்ன கேக்கப்போறான்? நான் சொல்லிக் குடுத்தேன். வாய் கூசாம சொல்லிக் குடுத்தேன்." அடுத்து அவன் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "நாலு வருஷம் அவளுக்கு அங்க எல்லாம் சொல்லிக் குடுத்திருப்பாங்கல்ல? காலியா விடுன்னு ஒருத்தன் சொல்லியிருக்க மாட்டானா?"

சொல்லியிருப்பார்கள். அவள் கேட்டும் இருப்பாள். பதறிய நேரத்தில் வாய்க்கு வருவது வீட்டுப் பேச்சுதான்.

அந்த வாரம் முழுக்க யூலிஸ் ஒரு கடிதம் எழுதினான். தாள்களில் எழுதும் அதே பெரிய பெரிய கட்டை எழுத்து. நான்கு முறை கிழித்தான். என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னான். 'நான் ஆபரேட்டர். ரீடிங்கை நிரப்பச் சொன்னது நான். இருபத்தெட்டு வருஷமாக நாங்கள் இப்படித்தான் செய்கிறோம். பிள்ளை மேல் தப்பில்லை.' கீழே முழுப் பெயர், ஊழியர் எண்ணோடு.

"ஊழியர் எண் எதுக்குடா போட்ட?" என்றேன்.

"கையெழுத்துப் போட்டா அதுவும் வந்துடுது."

"இதைக் குடுத்தா உன் வேலை இருக்காது. தெரியும்ல?"

"தெரியும்."

"வெர்னா?"

அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை வெர்னாவுக்கு மெஷின் நாள், அவளை என் தங்கை கூட்டிப்போனாள். யூலிஸும் நானும் நகரத்துக்குப் போனோம். அவன் தேவாலயத்துக்குப் போடும் சட்டையைப் போட்டு, விபத்தில்லாமல் வேலை பார்த்ததற்காக ஆலை கொடுத்த பின்னைக் குத்தியிருந்தான். கமிட்டி நடக்கும் அறைக்கு வெளியே நீளத் தாழ்வாரம். சுவர் முழுக்க ஒவ்வொரு வருஷமும் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்தவர்களின் படங்கள், வரிசை வரிசையாய். பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நேரம் போக வேண்டுமே என்று யூலிஸ் படம் படமாகப் பார்த்துக்கொண்டு போனான்.

"இந்தா பாரு, நம்ம பழைய சூப்பரின்டென்டென்ட். முடியோட இருக்கான்!"

"இவன்தான் என்னை ரெண்டு தடவை மழையில நிக்கவச்சவன்," என்றான் இன்னொரு படத்தைக் காட்டி. எங்கள் ஆலையில் வெள்ளைத் தொப்பி போட்டுத் திரிந்த பாதிப் பேர் அந்தச் சுவரில் இருந்தார்கள்.

அப்போது கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள். கடைசியாய்ப் போன நரைத்தலைக்காரரை எனக்குத் தெரியும். எங்கள் ஆலையில் பத்து வருஷம் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்று, இங்கே பாடம் நடத்த வந்தவர். நான் அடுக்கிய தாள்களில் கீழே இருப்பது அவருடைய கையெழுத்து. யூலிஸும் பார்த்தான். அவர் யூலிஸைப் பார்க்கவில்லை.

ரெனெல் வந்தாள். தலையை இறுக்கிக் கட்டி, என்னுடைய பழைய நீலக் கோட்டைப் போட்டிருந்தாள். அப்பனின் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே உருவி எடுத்துப் படித்தாள்.

"இது யாருக்குப்பா?"

"உள்ள குடுடி. நான் சொன்னதை நான் சொன்னேன்னு அவங்களுக்குத் தெரியணும்."

"தெரிஞ்சா?"

"உன்ன விட்டுடுவாங்க."

"விட மாட்டாங்கப்பா. எழுதினது என் கை. நீங்க சொன்னீங்க, சரி. கேட்டது நான்தானே? இதைக் குடுத்தா நான் ஒரு வருஷம் வீட்ல உக்காருறது மாறாது. நீங்களும் எங்கூட உக்காருவீங்க. அம்மா எங்க உக்காருவா?"

"ஒருவேளை..."

"ஒருவேளைக்கெல்லாம் அம்மாவப் பணயம் வைக்க முடியாதுப்பா."

அவன் என்னைப் பார்த்தான். இருபத்தெட்டு வருஷம் எனக்குத் தெரிந்த ஆள், ஏதாவது சொல்லு என்று என்னைப் பார்த்தான். அவள் சொன்னது சரி.

"அப்ப நான் எதுக்குடி வந்தேன்?" என்றான்.

"கூட்டிட்டுப் போக," என்றாள் ரெனெல். கடிதத்தை நாலாய் மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது.

நாற்பது நிமிஷம். யூலிஸ் இரண்டு முறை எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தான். மூன்றாவது முறை கைப்பிடியில் கைகூட வைத்தான். நான் தடுக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவனே வந்து உட்கார்ந்து, பின்னைக் கழற்றிப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டான்.

அவள் வெளியே வந்தாள். ஒரு வருஷம் வெளியே. அதற்குப் பிறகு வேண்டுமானால் திரும்ப மனுப்போடலாம். சர்டிபிகேட்டில் குறிப்பு இருக்கும், அது அழியாது. காரில் பாதி தூரம் வந்திருந்தோம். இரண்டு பக்கமும் கரும்பு ஒரு சாண் முளைத்திருந்தது.

"அந்த நரைச்ச தலைக்காரர்தான் நிறையக் கேட்டார்," என்றாள் பின்சீட்டில் இருந்து. "இந்தப் பழக்கம் எங்கம்மா கத்துக்கிட்ட, ஆலையில பயிற்சிக்குப் போனியே, அங்க எவனாவது சொல்லிக் குடுத்தானான்னு கேட்டார். அங்க யாராவதுன்னா சொல்லும்மா, உனக்கு உதவியா இருக்கும்னார்."

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"யாரும் சொல்லிக் குடுக்கலைன்னேன். ரொம்ப வருத்தமா இருக்குன்னார். நம்ம தொழில்ல இதுதான் மன்னிக்க முடியாததுன்னார்."

யூலிஸ் காரை ஓரங்கட்டினான். பழுது ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். அவள் பின்னால் இருந்து அவன் தோளில் கையை வைத்தாள். பிறகு கிளப்பினான்.

ஆலையிலிருந்து திங்கட்கிழமையே ஃபோன் வந்துவிட்டது. மரியாதையாகத்தான் பேசினார்களாம். ரீடிங்கைக் கற்பனை செய்யும் ஆளை எங்கள் ஆலைக்குள் விட முடியாது, பாதுகாப்புப் பிரச்சினை என்றார்களாம். வெர்னா ஃபிரிஜ் கதவில் இருந்த கடிதத்தை எடுத்துவிட்டு அந்தக் காந்தத்தை மட்டும் அங்கேயே விட்டிருந்தாள்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து யூலிஸ் எல்லாக் கேஜையும் நடந்து போய்ப் பார்க்க ஆரம்பித்தான். ஊரே சிரித்தது. "யூலிஸ் சிலுவைப்பாதை போறான்டா" என்று கன்ட்ரோல் ரூமில் கேலி. முப்பது நிமிஷ ரவுண்டு அவனுக்கு ஒன்றேகால் மணி ஆனது. முட்டி வீங்கிக்கொண்டு வந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மளிகைக்கடையில் கேள்விப்பட்டுத் தெரியும்.

பெரிய வெள்ளி வந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் சேற்றிறால் அவிக்காத வீடு கிடையாது. பின்முற்றத்தில் பெரிய அண்டா, உப்பு, மிளகாய், எலுமிச்சை, உருளைக்கிழங்கு, சோளம். வெர்னாவுக்கு மட்டும் தனிச் சட்டியில் உப்பில்லாமல். ரெனெல் காலையிலிருந்து மூட்டைச் சேற்றிறாலை மாற்றி மாற்றி அலசிக்கொண்டிருந்தாள். நானும் வெர்னாவும் நீள மேசையில் செய்தித்தாளை விரித்தோம். யூலிஸுக்குப் பகல் ஷிப்ட். வந்து பூட்ஸைக் கழற்றாமல் மேசை முன் உட்கார்ந்தான். அண்டாவைச் சாய்த்துச் செய்தித்தாளில் கொட்டினோம். ஆவி அடங்கட்டும் என்று காத்திருந்தபோது அவனாகவே பேச ஆரம்பித்தான்.

"மூணாம் தட்டுல, கோபுரத்துக்குப் பின்னால ஒரு கேஜு. குளிர்தண்ணி கேஜு. அந்தப் பக்கம் ஏறி எத்தனையோ வருஷம் ஆச்சு."

"ஏறினியா? இந்த முட்டியோடவா?" என்றாள் வெர்னா.

"ஏறினேன். அறுபத்திரண்டுன்னு காட்டுச்சு. தட்டினேன், ஆடல. கேஜுக்குக் கீழ இருக்கிற சின்ன வால்வை மூடிட்டுப் பார்த்தேன். அப்பவும் அறுபத்திரண்டு. செத்துக் கிடக்கு. எந்தக் காலத்துல செத்துச்சோ. நான் அதுக்கு அறுபத்தொண்ணு, அறுபத்திரண்டு, அறுபத்துமூணுன்னு மாத்தி மாத்தி எழுதியிருக்கேன்."

ரெனெல் கையில் எடுத்த சேற்றிறாலை உரிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு என்ன பண்ணினீங்க?"

"காலியா விட்டேன். பக்கத்துல, கேஜு வேலை செய்யலைன்னு எழுதினேன். கேஸ்பார் கூப்பிட்டான்." கேஸ்பார் யூலிஸின் ஃபோர்மேன், யூலிஸ் கையிலேயே வேலை கற்றவன். "யூலிஸ், உம்பொண்ணு விஷயத்துல எனக்கும் வருத்தம்தான்னான். அதுக்காக நீ இங்க வந்து பாதிரியார் ஆயிடாதன்னான். கட்டம் காலியா இருந்தா ஆபீஸ்ல திருப்பி அனுப்புவாங்க, எம்மேல புகார் எழுதுவாங்க, நான் உம்மேல எழுதணும். ஏற்கெனவே ரவுண்டு லேட்டுன்னு ஒண்ணு எழுதியாச்சு. இது ரெண்டு. மூணாவதுக்கு வீட்டுக்குப் போகணும். கேஜ மாத்தச் சொல்லிச் சீட்டுப் போட்டாச்சு, வர்ற வரைக்கும் எதையாவது போடுன்னான்."

"சீட்டு எப்பப் போட்டது?" என்றேன்.

"கேட்டேன். அவனுக்கு முன்னாடி இருந்தவன் போட்டதாம்."

வெர்னா கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டாள். அவன் அந்தக் கையைப் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தாள் போலிருக்கிறது. அவன் ஏற்கெனவே பார்த்துவிட்டான்.

"என்ன எழுதினீங்கப்பா?" ரெனெல் கேட்டாள்.

"அறுபத்திரண்டு."

அவள் சேற்றிறாலின் தலையைத் திருகி எடுத்தாள். ஓட்டை உரித்தாள். சதையை அம்மாவின் தட்டில் வைத்தாள், பிறகு அது உப்புப் போட்டது என்று ஞாபகம் வந்து எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, தனிச் சட்டியைப் பக்கத்தில் இழுத்தாள்.

"அடுத்த ரவுண்டுல?"

"அறுபத்தொண்ணு," என்றான் யூலிஸ். "ரெண்டு தடவையும் ஒரே நம்பரா இருந்தா சந்தேகம் வரும்."

ரெனெல் தலையாட்டினாள். உப்பில்லாத சேற்றிறால்களை ஒவ்வொன்றாய் உரித்து வெர்னாவின் தட்டை நிரப்பிக்கொண்டே இருந்தாள். யூலிஸ் ஒன்றையும் தொடவில்லை. நான் ஓய்வு பெற்று அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது, ஆபீஸில் என் மேசையில் வேறு யாரோ இருந்தார்கள். நானே இருந்திருந்தாலும் மறுநாள் காலை அந்தத் தாளை எடுத்து, கட்டம் எல்லாம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மற்றதோடு சேர்த்து அடுக்கியிருப்பேன்.